குவாசர் மங்கினால் நமக்கு என்ன தெரியும்?

“மாமா, இந்தப் புள்ளியைப் பார்க்கவா இவ்வளவு நேரம் நித்திரை முழிச்சனாங்கள்?”

பங்குனி அமாவாசையை ஒட்டிய ஓர் இரவில், துணுக்காய்ப் பக்கம் அக்காவின் வயலில் நின்று மருமகன் கேட்ட கேள்வி இது. அருவி வெட்டு முடிந்து வயல் வெறுமையாய்க் கிடந்தது. தூரத்தில் யாரோ யானைக் காவலுக்கு மூட்டிய நெருப்பைத் தவிர வேறு வெளிச்சம் இல்லை. வெளிநாட்டில் இருக்கும் சித்தப்பா லீவில் வந்தபோது கொண்டுவந்த 8 அங்குலக் கண்ணாடிக்கு, மல்லாவியில் தச்சு வேலை செய்யும் அண்ணர் ஒருவர் பிளைவுட்டில் பெட்டி அடித்துத் தந்தார். எங்களுடைய தொலைநோக்கி அதுதான். அதன் கண்வில்லையில் அவனுக்குத் தெரிந்தது மங்கலான ஒரு பொட்டு. பக்கத்தில் அதைப் போலவே இன்னும் பத்துப் பதினைந்து பொட்டுகள்.

அவன் கேட்டது நியாயமான கேள்வி. அந்தப் பொட்டின் பெயர் 3சி 273. கன்னி ராசியில் இருக்கும் குவாசர், அதாவது வெள்ளியைப் போலப் பொட்டாகத் தெரிந்தாலும், வெகு தொலைவில் ஒரு விண்மீன் மண்டலத்தின் நடுவிலிருந்து எரியும் பேரொளி. ஒளி புறப்பட்டு நம்மிடம் வந்து சேரச் சுமார் 200 கோடி ஆண்டு எடுக்கும் தூரத்தில் இருக்கிறது. (சில நூல்களில் 240 கோடி ஒளியாண்டு என்றும் இருக்கும். அண்டம் விரிந்துகொண்டே இருப்பதால் இவ்வளவு பெரிய தூரங்களை ஒன்றுக்கு மேற்பட்ட முறையில் கணக்கிடலாம், விடைகள் சற்று மாறும்.) வவுனியாப் பக்கம் நிலத்துக்கு மேல் தலைகாட்டும் பாறைகளைப் புவியியலாளர்கள் ‘வன்னித் தொகுதி’ என்பார்கள். அவை நிலத்துக்கு அடியில் வெந்து அழுந்தி இப்போதைய உருவத்துக்கு வந்து ஏறத்தாழ 55 கோடி ஆண்டுதான் ஆகிறது. மருமகனின் கண்ணில் விழுந்த ஒளி அதற்கெல்லாம் வெகு முன்பே புறப்பட்டுவிட்டது.

ஆனால் தூரத்தைச் சொல்லி வியக்க வைப்பது எனக்கு முக்கியமில்லை. அந்தப் பொட்டு பிரகாசம் கூடிக் குறைகிறது. அந்த ஏற்ற இறக்கத்தை மட்டும் வைத்து, சாதாரணத் தொலைநோக்கி எதிலும் பொட்டாக மட்டுமே தெரிகிற ஒரு பொருள் எவ்வளவு பெரியது என்று கணக்குப் போடலாம். பள்ளிக்கூடக் கணக்குத்தான். அதை அவனுக்கு எப்படிச் சொன்னேனோ அப்படியே இங்கும் சொல்கிறேன்.

கார்த்திகை விளக்கீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோமீட்டர் நீளமான குளக்கட்டில் வரிசையாகப் பந்தங்கள் எரிகின்றன. ஒவ்வொரு பந்தத்துக்கும் ஓர் ஆள். கட்டின் ஒரு முனையில் பறை அடிக்கப்படும். சத்தம் காதில் விழுந்த உடனே அவரவர் தம் பந்தத்தை அணைத்துவிட வேண்டும். இதுதான் ஏற்பாடு. சத்தம் ஒரு வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். அப்படியென்றால் மறுமுனையில் நிற்பவருக்குப் பறை கேட்க ஏறத்தாழ மூன்று வினாடி ஆகும்.

இப்போது நீங்கள் வெகு தூரத்தில் நிற்கிறீர்கள். அங்கிருந்து கட்டும் தெரியாது, பந்தங்களும் தனித்தனியாகத் தெரியாது. எல்லாம் சேர்ந்து ஒரே ஒளிப்பொட்டு. பறை அடித்ததும் அந்தப் பொட்டு சட்டென்று மறையாது. மூன்று வினாடி எடுத்து மெல்ல மங்கி மறையும். பறைகாரர் கட்டின் நடுவில் நின்று அடித்தால்கூட ஒன்றரை வினாடி ஆகும்.

சரி, அந்தப் பொட்டு அரை வினாடியில் அணைந்துவிட்டது என்று வைப்போம். அப்போது என்ன சொல்வீர்கள்? அந்தக் கட்டு ஒரு கிலோமீட்டர் நீளமாக இருக்கவே முடியாது என்று சொல்வீர்கள். அரை வினாடியில் சத்தம் 170 மீட்டர்தான் போகும். நடுவிலிருந்து இரண்டு பக்கமும் சேர்த்தால் 340 மீட்டர். ஆகவே பந்தங்கள் அதற்குள்தான் நிற்க வேண்டும். கட்டை நீங்கள் பார்க்கவில்லை, அளக்கவில்லை. அணைய எடுத்த நேரம் ஒன்றே போதுமாக இருந்தது.

வானத்தில் பறைச் சத்தத்தின் இடத்தில் ஒளி நிற்கிறது. ஒரு பொருளின் ஒரு பக்கத்தில் நடந்தது மறுபக்கத்துக்குத் தெரியவேண்டும் என்றால், எதுவும் ஒளியை விட வேகமாக அந்தச் செய்தியைக் கொண்டுபோக முடியாது. ஒளி ஒரு வினாடிக்கு மூன்று இலட்சம் கிலோமீட்டர் போகும், ஒரு நாளில் சுமார் 2,600 கோடி கிலோமீட்டர். எனவே ஒரு பொருள் முழுவதும் சேர்ந்து ஒரு நாளில் கணிசமாக மங்கினால், அதன் பருமன் ஏறத்தாழ அந்த ஒரு நாள் ஒளித்தூரத்துக்கு மேல் போகாது. ஒரு மாதத்தில் மங்கினால் ஒரு மாத ஒளித்தூரம். இது மேல் எல்லைதான். அதைவிடச் சிறியதாக இருக்கலாம், பெரியதாக இருக்க முடியாது.

இதை 3சி 273-க்குப் பொருத்திப் பார்த்தால்தான் விஷயத்தின் கனம் விளங்கும். அந்தக் குவாசரைக் கொண்டுவந்து நம்மிலிருந்து 33 ஒளியாண்டு தூரத்தில் வைத்தால், அது வானத்தில் நம் சூரியன் அளவு பிரகாசமாக எரியும். நம்முடைய பால்வீதியைப் போன்ற நூறு விண்மீன் மண்டலங்களைச் சேர்த்தாலும் அந்த ஒளிக்கு ஈடாகாது. பால்வீதியின் குறுக்களவு சுமார் ஒரு இலட்சம் ஒளியாண்டு. அது முழுவதும் சேர்ந்து மங்க வேண்டுமென்றால் ஆயிரக்கணக்கான தலைமுறை கழிந்துவிடும். இந்தப் பொட்டோ மாதங்களிலும் ஆண்டுகளிலும் ஏறி இறங்குகிறது. 1988 தொடக்கத்தில் சில நாட்களுக்குள்ளேயே பளிச்சென்று கூடிக் குறைந்தது. நூறு மண்டலங்களின் ஒளியை நமது சூரிய குடும்பத்தோடு ஒப்பிடக்கூடிய ஓர் இடத்துக்குள் அடக்கி வைத்தது போல இருக்கிறது.

இதைக் கண்டுபிடித்த கதையும் வன்னிக்காரருக்குப் பரிச்சயமான ஓர் இடத்தில் தொடங்குகிறது. பங்குனி உத்தரத்தன்று புளியம்பொக்கணை நாகதம்பிரான் கோவில் பொங்கலுக்குப் போய்வருபவர்கள் அந்த முழு நிலவை எத்தனை தரம் பார்த்திருப்பார்கள்! அன்று நிலவு நிற்பது உத்தர நட்சத்திரத்தின் வட்டாரத்தில். 3சி 273-ம் அதே வட்டாரத்தில்தான், நிலவின் பாதைக்கு அருகில் இருக்கிறது. அதனால் சில ஆண்டுகளில் நிலவு அதை மறைத்துக்கொண்டு போகும்.

1950களின் இறுதியில் கேம்பிரிட்ஜில் வானொலி அலைகள் வரும் இடங்களைப் பட்டியல் போட்டார்கள். அவர்களுடைய மூன்றாவது பட்டியலில் 273ஆவது இடம் இது. பெயர் வந்தது அப்படித்தான். வானொலி அலை வானத்தின் எந்தத் துல்லியமான புள்ளியிலிருந்து வருகிறது என்பது மட்டும் பிடிபடவில்லை. 1962இல் நிலவு அதை மறைக்கப்போகும் வேளையை சிரில் ஹசார்டும் கூட்டாளிகளும் அவுஸ்திரேலியாவின் பார்க்ஸ் வானொலித் தொலைநோக்கியில் காத்திருந்து பிடித்தார்கள். நிலவின் விளிம்பு எங்கே இருக்கிறது என்பது எந்த நொடியிலும் கணக்காகத் தெரியும். அலை எந்த நொடியில் அறுகிறது, எந்த நொடியில் திரும்பி வருகிறது என்று குறித்தால் இடம் கிடைத்துவிடும். நிலவு அடிவானத்துக்கு மிக அருகில் இருந்ததால் தொலைநோக்கியை அதன் வழக்கமான எல்லைக்கும் கீழே சாய்க்க வேண்டியிருந்ததாம். அந்த இடத்தில் சாதாரண வெள்ளி (விண்மீன்) ஒன்றைப் போன்ற ஒரு பொட்டு இருந்தது.

கலிபோர்னியாவின் பலோமர் மலையில் மார்ட்டன் ஷ்மிட் அந்தப் பொட்டின் நிறமாலையை, அதாவது அதன் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த படத்தை எடுத்தார். கோடுகள் எதற்கும் பொருந்தவில்லை. 1963 பெப்ரவரியில்தான் அவருக்குப் பிடிபட்டது. அவை நமக்கு நன்கு தெரிந்த ஹைட்ரஜன் கோடுகள்தாம், சுமார் 16 வீதம் சிவப்புப் பக்கம் தள்ளி நின்றன. அண்டம் விரிவதால், தூரம் கூடக்கூடக் கோடுகள் சிவப்புப் பக்கம் தள்ளும். அவ்வளவு தள்ளியிருந்தால் அது நம் மண்டலத்து வெள்ளியாக இருக்க முடியாது, கோடிக்கணக்கான ஒளியாண்டுகளுக்கு அப்பால் இருக்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதற்குப் பிறகு வருகிறது. ஹார்வார்ட் வானாய்வு நிலையத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து எடுத்துச் சேர்த்த வானப் படங்கள் கண்ணாடித் தகடுகளில் இருந்தன. வேறு எதற்கோ எடுத்தவை. ஹார்லன் சிமித், டோரிட் ஹொஃப்லைட் இருவரும் 1963இல் அந்தத் தகடுகளை எடுத்து, 3சி 273 எத்தனை எத்தனை ஆண்டுகளாக, யாரும் கவனிக்காமலே, படத்தில் விழுந்திருக்கிறது என்று தேடினார்கள். பொட்டு ஒரே சீராக இல்லை, மாறி மாறி வந்திருக்கிறது. குவாசர் என்ற சொல்லே பிறக்காத காலத்தில் யாரோ பொறுமையாக எடுத்து வைத்த தகடுதான் அதன் பருமனுக்குச் சாட்சி சொன்னது.

அப்படியானால் உள்ளே என்னதான் இருக்கிறது? 1969இல் டொனால்ட் லிண்டன்-பெல் முன்வைத்த விளக்கம்தான் இன்றைக்கும் நிலைத்து நிற்கிறது: நடுவில் ஒரு பெரிய கருந்துளை. துருசைத் திறந்ததும் குளத்துத் தண்ணீர் நேராக உள்ளே விழாமல் சுழன்று சுழன்று இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். கருந்துளையை நோக்கி வரும் வாயுவும் அப்படித்தான், தட்டையான வட்டாகச் சுழன்று இறங்குகிறது. வேகம் கூடக்கூட உள்வளையமும் வெளிவளையமும் ஒன்றோடொன்று உரசிப் பயங்கரமாகச் சூடேறும். நமக்கு வந்து சேருவது அந்தச் சூட்டின் ஒளி. கருந்துளைக்குள் விழுந்ததிலிருந்து எந்த ஒளியும் வராது. சூரியனில் ஹைட்ரஜன் எரியும்போது அதன் நிறையில் ஒரு வீதத்துக்கும் குறைவானதுதான் ஆற்றலாக மாறும். இந்தச் சுழலில் பத்து வீதம் அளவு மாறக்கூடும்.

வந்து சேரும் வாயு எப்போதும் ஒரே அளவாக இருக்காது. வட்டுக்குள் கொந்தளிப்பும் இருக்கும். அதனால்தான் பிரகாசம் ஏறி இறங்குகிறது, அதற்கு ஒழுங்கான தாளம் கிடையாது. சில குவாசர்களில் வட்டிலிருந்து இரு பக்கமும் பீய்ச்சியடிக்கும் தாரைகள் உண்டு. 3சி 273-க்கும் உண்டு. அப்படியொரு தாரை ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் நம் பக்கம் திரும்பி வரும்போது, அதன் மாற்றங்கள் உண்மையை விட விரைவாக நடப்பது போல நமக்குத் தெரியும். அந்த இடங்களில் மேலே சொன்ன குளக்கட்டுக் கணக்கை அப்படியே போடக்கூடாது, திருத்திப் போட வேண்டும். 2005 மே மாதத்தில் பெகாசஸ் விண்மீன் கூட்டத்தில் உள்ள 3சி 454.3 வழக்கத்தைவிடப் பல மடங்கு பொங்கி எழுந்தது இந்த வகையைச் சேர்ந்தது.

நடுவைச் சுற்றியுள்ள இடத்தை நேராகவே அளந்தும்விட்டார்கள். 2018இல் சிலியில் உள்ள நான்கு பெரிய தொலைநோக்கிகளின் ஒளியை ஒன்றாக இணைத்து, 3சி 273-இன் நடுவைச் சுற்றும் வாயு மேகங்களை அளந்தார்கள். மேகங்கள் நடுவிலிருந்து சுமார் 150 நாள் ஒளித்தூரத்தில் இருந்தன. கருந்துளையின் நிறை ஏறத்தாழ 30 கோடி சூரியன்கள் என்று வந்தது.

இனி நாமே பார்ப்பது எப்படி என்பதற்கு வருகிறேன். அதற்கு வன்னி நல்ல இடம். 3சி 273 வான நடுக்கோட்டிலிருந்து (பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானத்தில் போகும் கோடு) 2 பாகைதான் வடக்கே இருக்கிறது. நம் அட்சரேகையில் அது ஏறக்குறைய தலைக்கு நேரே வரும், உச்சியிலிருந்து 7 பாகை தெற்கே. காற்றின் தடிப்பு மிகக் குறைவான இடம் அது. பங்குனி நடுவில் நள்ளிரவு அளவில் உச்சிக்கு வரும். சித்திரை தொடங்கும்போது 11 மணிக்கு, வைகாசி தொடங்கும்போது 9 மணிக்கு. பிந்தினால் பின்னேர இடிமழையும் முகிலும் குறுக்கிடும் என்பதால் நான் பங்குனி அமாவாசையைத்தான் விரும்புவேன். பங்குனி உத்தர இரவு இதற்கு ஆகவே ஆகாது, நிலவு பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் கழுவிவிடும்.

இடம் பிடிக்க உத்தரம், சித்திரை என்ற இரண்டு வெள்ளிகளையும் மனதில் ஒரு கோட்டால் இணையுங்கள். அந்தக் கோட்டின் நடுவுக்கு மிக அருகே, உத்தரத்தின் பக்கம் கொஞ்சம் தள்ளி, குவாசர் இருக்கிறது. அப்புறம் கன்னி ராசியின் காமா, ஈட்டா என்ற இரண்டு வெள்ளிகளைப் பிடியுங்கள். ஈட்டாவிலிருந்து வடகிழக்கே மூன்றரைப் பாகை. கையை நீட்டிப் பிடித்தால் பெருவிரலின் அகலம் ஏறத்தாழ 2 பாகை, அதை வைத்துத் தூரம் பார்க்கலாம். அதற்கு மேல் வரைபடம் இல்லாமல் முடியாது. 1911இல் தொடங்கிய மாறும் விண்மீன் அவதானிகளின் அமெரிக்கச் சங்கம் இத்தகைய வரைபடங்களை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. பக்கத்து வெள்ளிகள் ஒவ்வொன்றின் பிரகாச எண்ணும் அதில் குறித்திருக்கும்.

பிரகாச எண் பற்றி ஒரு வார்த்தை. எண் கூடினால் மங்கல். 5 எண் வித்தியாசம் என்றால் 100 மடங்கு. இருட்டான வயலில் வெறும் கண்ணுக்கு எட்டுவது 6ஆம் எண் வரை. 3சி 273 பெரும்பாலும் 12.5-க்கும் 13-க்கும் இடையில் நிற்கும். அதாவது வெறும் கண்ணின் எல்லையை விட நானூறு முதல் அறுநூறு மடங்கு வரை மங்கல். 8 அங்குலத் தொலைநோக்கியில் வசதியாகத் தெரியும், 6 அங்குலத்தில் கொஞ்சம் பாடுபட வேண்டும்.

கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் விடுங்கள். டோர்ச் முகத்தில் சிவப்புக் கிளாஸ் பேப்பரை இரண்டு மடிப்பாகச் சுற்றிக்கொள்ளுங்கள், கைப்பேசியைத் தொடவே வேண்டாம். பொட்டை நேராக முறைத்துப் பார்த்தால் மறைந்துவிடும், கடைக்கண்ணால் பார்க்க வேண்டும். மங்கல் ஒளியை உணரும் கலங்கள் விழித்திரையின் நடுவில் இல்லை, சுற்றிலும்தான் இருக்கின்றன. அன்று மருமகன் அதைக் கண்டுபிடித்த விதம் எனக்கு நினைவிருக்கிறது. “பாத்தா இல்லை, பாக்காட்டித் தெரியுது” என்றான்.

இனி அளவு எடுப்பது. குவாசரைவிடச் சற்றுக் கூடப் பிரகாசமான ஒரு வெள்ளியையும் சற்று மங்கலான இன்னொன்றையும் வரைபடத்தில் தெரிவு செய்யுங்கள். உதாரணத்துக்கு முதலாவது 12.6, இரண்டாவது 13.1 என்று வைப்போம். இரண்டுக்கும் இடையே உள்ளதை ஐந்து படியாக மனதில் பிரியுங்கள். குவாசர் முதலாவதிலிருந்து இரண்டு படி இறங்கி நிற்பதாகத் தோன்றினால் 12.8. அவ்வளவுதான், திகதியோடும் நேரத்தோடும் எழுதி வையுங்கள்.

பக்கத்து வெள்ளியோடு ஒப்பிடுவதால் ஒரு பெரிய நன்மை உண்டு. வெள்ளிகள் மினுங்குவது நம் தலைக்கு மேல் உள்ள காற்றின் வேலை, குவாசரின் மாற்றத்தோடு அதற்குச் சம்பந்தமில்லை. மெல்லிய முகில் வந்தால் எல்லாப் பொட்டும் சேர்ந்து மங்கும். இது மட்டும் மங்கி மற்றவை அப்படியே நின்றால், அந்த மங்கல் 200 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே நடந்தது. தொடக்கக்காரர்கள் இந்த இரண்டையும்தான் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள்.

கண்ணால் எடுக்கும் அளவு ஒன்றிரண்டு பத்தில் அங்கும் இங்கும் போகும். கமரா பொருத்தினால் இன்னும் நுணுக்கமாக எடுக்கலாம், அது அடுத்த படி. கண்ணால் பார்ப்பவர்கள் இரண்டு பேராய் இருந்தால் ஒருவருடைய எண்ணை மற்றவருக்குச் சொல்லாமல் எழுதுங்கள். சொல்லிவிட்டால் மனம் அதன் பின்னாலேயே போகும். போன மாத எண்ணையும் பார்க்கும் முன் புரட்டாதீர்கள். எதிர்பார்த்ததைக் காண்பதற்குக் கண்ணுக்கு அதிக நேரம் தேவையில்லை, நானே பழைய எண்ணைப் பார்த்துவிட்டு அதையே மறுபடி எழுதியிருக்கிறேன். அந்த வரியை இப்போது அடித்துவிட்டேன்.

தனியாகப் போக வேண்டாம். யானைப் பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஊரார் நடந்து பழகாத காணிக்குள், இருட்டு நல்லாய் இருக்கிறதென்று இறங்காதீர்கள். மிதிவெடி எச்சரிக்கைப் பலகைகள் எங்கே நின்றன என்று எங்களுக்கெல்லாம் நினைவிருக்கும், பிள்ளைகளுக்குத் தெரியாது.

மாதம் ஒரு எண் சேர்ந்தால் போதும். கட்டக் கொப்பியில் கீழே நாளும் பக்கவாட்டில் பிரகாச எண்ணும் போட்டுப் புள்ளி வையுங்கள். ஒரு காலபோகத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் கோடு அசைவதே தெரியாமல் போகலாம், சில ஆண்டுகளில் கால் எண் அளவுக்கு ஏறவும் கூடும். முகில் மூடிய நாளையும் எழுதுங்கள், பார்க்காமல் விட்ட நாளுக்கும் பார்த்தும் தெரியாத நாளுக்கும் வித்தியாசம் உண்டு. பங்குனி இரவில் மருமகன் 12.9 என்று எழுதினான், நான் 12.7. இரண்டையும் அப்படியே வைத்திருக்கிறோம். சித்திரை அமாவாசைக்கு எதிரே இருக்கும் கட்டத்தில் எண் இல்லை. அவன் கையெழுத்தில் “முகில், யானை” என்று மட்டும் இருக்கிறது.